கோட்டிக்குச் சாட்சி யார்?

எங்கள் ஆபீசுக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்த முதல் வாரமே அவருக்கு ஒரு சந்தேகம். பக்கத்து சீட்காரர் போனில் யாரையோ, "ஒனக்கென்னல, கோட்டியா புடிச்சிருக்கு?" என்று கேட்டதைக் காதில் வாங்கிவிட்டார்.

"கோட்டின்னா என்ன சார்?"

"பைத்தியம்" என்றேன்.

மனிதர் எம்.ஏ. தமிழ். ஒத்துக்கொள்ளவில்லை. "திருக்குறள்ல, கல்லாமை அதிகாரத்துல கோட்டின்னு வருது சார். சபைன்னு அர்த்தம். படிச்சவங்க கூடுற அவை!"

கற்றவர்கள் கூடும் சபைக்கும் பைத்தியத்துக்கும் ஒரே வார்த்தையா? ராத்திரி டி.வி.யில் விவாத மேடை பார்க்கிறவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. விக்சனரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

விக்சனரி 2004 முதல் இன்டர்நெட்டில் வளர்ந்துவரும் அகராதி. சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சொல், அதன் பொருள், அதற்குக் கீழே 'பயன்பாடு' என்று உதாரண வாக்கியம். எனக்குப் பிடித்தது அதற்கும் கீழே வரும் 'இலக்கியப் பயன்பாடு'. ஏதாவது நாவலிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அடைப்புக்குறிக்குள் நூலின் பெயர், ஆசிரியர் பெயர்.

அந்த ஒற்றை வரி எதற்கு என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும். அகராதிக்காரர் சொல்லும் பொருள் வக்கீல் வாதம் மாதிரி. மேற்கோள்தான் கூண்டில் ஏறும் சாட்சி. 'இந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில் இன்னார் இந்த வருஷம் எழுதியிருக்கிறார்' என்று அது சொன்னால் வக்கீலே மாற்றிப் பேச முடியாது.

சாட்சி தேடிய விஷயத்தில் நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த எஸ். வையாபுரிப் பிள்ளை நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர். லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சங்கப் பாட்டில் வந்த சொல்லா, கம்பனில் வந்த சொல்லா, பக்கத்திலேயே இடம் குறித்திருக்கும். நம்ம ஜில்லாவில் மட்டும் புழங்கும் சொல் என்றால்? திருநெல்வேலி என்பதற்கான இங்கிலீஷ் சுருக்கம் மட்டும் நிற்கும். கம்பனுக்குச் சாட்சியின் முழு முகவரி. நமக்கு ஊர்ப் பெயரோடு சரி.

வெள்ளைக்காரன் இந்த வேலையை வேறு மாதிரி செய்தான். 1755-ல் ஜான்சன் தன் அகராதிக்கு லட்சத்துக்கு மேல் மேற்கோள்களை அடுக்கினார். அதற்குப் பிறகு வந்த ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஊர் ஊராக ஜனங்களே படித்து, வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் அனுப்பியவர்களில் ஒருவர் டாக்டர் மைனர், அமெரிக்க ராணுவ மருத்துவர். மனநிலை சரியில்லாத வேளையில், 1872-ல், லண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைபட்டவர். அங்கே உட்கார்ந்துதான் இத்தனையும் அனுப்பினார். கோட்டிக்கும் அகராதிக்கும் அப்போதே ஒரு சம்பந்தம்!

நம்ம விக்சனரிக்கு வருவோம். இலக்கியப் பயன்பாட்டில் அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் கல்கி. 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை'. காரணம் எளிது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது, யாரோ புண்ணியவான்கள் டைப் அடித்தும் வைத்திருக்கிறார்கள். தேடினால் நொடியில் கிடைக்கும். கல்கி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கல்லூரியில் வந்தியத்தேவனோடு குதிரையேறியவன்தான் நானும். ஆனால் சோழ இளவரசர்கள் தார்சாவில் கட்டில் போட்டுப் படுக்கவில்லை, பட்டாசலில் இலை போட்டுச் சாப்பிடவும் இல்லை. டைப் அடித்த புத்தகத்துக்கே சாட்சி சொல்லும் உரிமை என்றால், வண்ணதாசன் கதைகளில் நாம் பார்த்த தார்சாவுக்கு யார் சாட்சி?

இந்த ரோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கோட்டிக்கு ஒரு வரி போட்டேன். ஒரு பையன் வெயிலில் அலைந்துவிட்டு வருகிறான். 'கோட்டிக்காரப் பய கணக்கா வாரான் பாரு' என்று கிழவி ஒருத்தி சொல்கிறாள். கீழே, பஞ்சும் பசியும், தொ.மு.சி. ரகுநாதன், 1953. நம்ம ஊர் எழுத்தாளர், கைத்தறி நெசவாளர்களைப் பற்றிய நாவல். பள்ளி நாளில் படித்தது, வரி அப்படியே மனசில் நிற்கிறது என்று நம்பினேன்.

மறுநாள் ஒரு முகம் தெரியாத நண்பர் கேட்டிருந்தார்: "பக்க எண்? எந்தப் பதிப்பு?"

இதென்ன பிரமாதம் என்று பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். ஞாபகத்தில் இருந்த இடத்தைப் புரட்டினேன். இல்லை. முன்னே பத்துப் பக்கம், பின்னே பத்துப் பக்கம். அந்த வரி இல்லை. மூன்றாவது முறை புரட்டும்போது சட்டென்று குரலே கேட்டது. அது ரகுநாதன் எழுதியதில்லை. எங்க ஆச்சி சொன்னது. ஆற்றில் குளித்துவிட்டு மத்தியான வெயிலில் வீடு திரும்பிய என்னைப் பார்த்து, தார்சாவில் உட்கார்ந்து சொன்னது. நான் அந்த வயசில் அந்த நாவலையும் படித்திருக்கிறேன், ஆச்சியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டும் கலந்துவிட்டன.

அன்று ராத்திரி அந்த வரியை நானே அழித்தேன். அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. ஒரு பெரிய எழுத்தாளர் எழுதாததை அவர் பெயரில் போட்டது பொய்ச் சாட்சி, அதில் மாற்றமில்லை. ஆனால் ஆச்சி சொன்னது பொய்யில்லையே? அவள் அச்சில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இருந்ததில்லை. ஜனங்களின் வாயிலிருந்தே அள்ளி, 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்துவிட்டார். அவர் செய்தால் அது அகராதி. நான் ஆச்சியைக் கூண்டில் ஏற்றினால், "பக்க எண் என்ன?" என்பார்கள். கேட்பதும் நியாயம்தான். ஆளாளுக்குத் தங்கள் பாட்டியைக் கொண்டுவந்தால் அகராதி கல்யாண வீடாகிவிடும்.

ஆகவே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம். முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படிக்கிறேன். பக்கத்தில் நோட்டு, பக்க எண், பதிப்பு, வருஷம் எல்லாம் குறித்தாகிறது. கோட்டிக்காக ஆரம்பித்தது, வழியில் வேறு நாலு சொல்லும் மாட்டும் போலிருக்கிறது. அடுத்து மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்', 1898. பெருங்குளத்துக்காரர். காப்புரிமை காலாவதியாகி எத்தனையோ வருஷமாச்சு, தாராளமாக எடுக்கலாம்.

போன வாரம் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, பரீட்சையா?"

"இல்ல அண்ணாச்சி, கோட்டியத் தேடுதேன்."

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.