மீதிப் பணம் எப்போது வரும்?

“கம்பெனியில் என் பங்கை விற்றேன், பாதிப் பணம்தான் கைக்கு வந்தது.” வானொலி நேயர்களிடம் நான் கேட்கும் புலம்பல் இது. தவணை நின்றுபோனால், அதுவரை வாங்கிய பணத்தை விற்றவர் வைத்துக்கொள்ளலாமா?

நம் நாட்டில் ஒரு மருத்துவர் தம் கிளினிக்கை 120,000 வெள்ளிக்குத் தவணையில் விற்றார். வாங்கியவர் 96,000 கட்டியபின் நிறுத்திவிட்டார். கட்டிய பணமெல்லாம் விற்றவருக்கே என்றது ஒப்பந்தம். ஆனால் முன்பணமான 12,000 வெள்ளியை மட்டும் அவர் வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. உண்மையான நட்டத்தை அவர் நிரூபிக்கவில்லை என்பதே காரணம்.

2018-இல் நிலைமை மாறியது. மலாக்காவில் உள்ள நிலம், கட்டட விற்பனை தொடர்பான ‘கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ்’ வழக்கில், 30 லட்சம் வெள்ளிக்கும் அதிகமான முன்பணத்தை விற்பனையாளர் வைத்துக்கொள்ள அதே நீதிமன்றம் அனுமதித்தது. தொகை நியாயமற்றது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் வாக்குத் தவறியவரே.

பங்கு விற்பனைக்கும் இதே 1950 ஒப்பந்தச் சட்டம்தான். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் எத்தனை வெள்ளித் தவணை என்று தெளிவாக எழுதுங்கள். கடைசித் தவணை வரும்வரை பங்கு மாற்றுப் பாரம் வழக்கறிஞரிடமே இருக்கட்டும். பணம் வராவிட்டால் 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அண்ணன் தம்பிக்கு விற்றாலும் எழுத்தில் இருக்கட்டும்.