பந்தைக் கேட்டு வாங்காத பையன்கள்

பையன்களை இரண்டு இரண்டு பேராக நிறுத்துகிறார்கள். ஒருவன் கையில் பந்து. மற்றவன் அதை முப்பது நொடிக்குள் வாங்க வேண்டும். உடனே இழுபறி, நெட்டித்தள்ளல், கட்டிப்புரளல். எல்லாம் ஓய்ந்ததும் நடத்துபவர் கேட்கிறார்: ‘கொடு’ என்று ஏன் ஒருவனும் கேட்டுப் பார்க்கவில்லை? கேட்டால் இளிச்சவாயன் என்று நினைப்பான் என்கிறான் இவன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்கிறான் அவன்.

சிகாகோ பள்ளிகளில் நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ குழுப் பயிற்சியில் இது ஒரு பாடம். கை ஓங்கும் முன் மனம் போட்ட கணக்கைக் கூடிப் பேசவைப்பதுதான் இந்த வகைச் சிகிச்சை.

கோவை உக்கடத்தில் அடிதடி வழக்கில் சிக்கும் பதினாறு வயதுப் பையன், இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்று, லட்சுமி மில்ஸ் பக்கமுள்ள கூர்நோக்கு இல்லத்துக்குப் போகக்கூடும். அங்கே இப்படி வட்டமாக உட்காரவைத்துப் பேசினால் பலன் உண்டா? “நல்லா இருந்துச்சு சார்” என்று அவன் சொல்வதை நம்பிவிட முடியாது. அறிக்கை எழுதுவது யார் என்று அவனுக்குத் தெரியும். வெளியே போய் வம்பில்லாமல் இருந்தான் என்பதும் சான்றாகாது. இளவயதில் தப்புச் செய்யும் பலர் வயது ஏற ஏறத் தாமே விட்டுவிடுகிறார்கள்.

உதவி பெறாத ஒத்த பையனோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 1939-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 506 பையன்களை ஒத்த ஜோடிகளாகப் பிரித்து, காசு சுண்டி, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகரும் கோடை முகாமும் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் பலன் இருந்தது என்றே சொன்னார்கள். ஆனால் மீண்டும் குற்றம், குடி, சீக்கிரச் சாவு என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் மோசம். முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் போனவர்கள் இன்னும் மோசம். வம்புக்காரப் பையன்களை ஒன்றாகச் சேர்த்தால், வம்புக்குக் கிடைக்கும் சிரிப்பே பாடமாகிவிடுகிறது என்பது பிற்பாடு வந்த விளக்கம்.

சிகாகோவின் சிறார் காவல் இல்லத்திலும் யாருக்கு எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத்தான் முடிவு செய்தார்கள். இந்த வகைச் சிகிச்சை தந்த பிரிவின் பையன்கள் திரும்ப உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது. அந்தப் பிரிவில் ஊழியர்களின் படிப்புத் தகுதியையும் உயர்த்தியிருந்தார்கள். நல்ல நடத்தைக்குப் புள்ளிகளும் உண்டு. ஆகவே முழுப் பெருமையையும் பேச்சுக்கே கொடுக்க நான் தயங்குவேன்.

திரும்பப் பிடிபடுவதை எண்ணும் இதே அளவுகோல் கோவைக்குச் சரிவருமா? 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெரும்பாலான வழக்குகளில் சிறாரின் பதிவுகளைக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. சரியான சட்டம், ஆய்வாளருக்குத்தான் தலைவலி. தவிர, பிடிபட்ட எண்ணிக்கை பையனை மட்டுமா அளக்கிறது? 1998 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு உக்கடம், கோட்டைமேடு பக்கம் போலீஸின் கண் அதிகம். அங்கே வழக்காகிற தப்பு, வேறொரு பேட்டையில் பேச்சோடு முடிந்திருக்கலாம்.

மிச்சமிருக்கும் வழி, அவனிடமே கேட்பது. லைபீரியாவின் மன்ரோவியாவில் 999 இளைஞர்களை வைத்து நடந்த சோதனையில், சிலருக்கு எட்டு வாரக் குழுச் சிகிச்சை, சிலருக்குப் பணம், சிலருக்கு இரண்டும். வாய்ச்சொல்லைச் சரிபார்க்க, உள்ளூர் ஆட்கள் அவர்களில் சிலரோடு பல நாள் சுற்றித் திரிந்து நம்பிக்கை சம்பாதித்தார்கள். திருட்டு, போதை போன்ற விஷயங்களில் ஒளிவுமறைவு குறைவாகவே இருந்தது. கைச்செலவைத்தான் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.