‘எஃப்’ போய் ‘ஜி’ வந்தது!

2014 ஏப்ரல் 7! அன்றுதான் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் மென்பொருள் நூலகத்தின் புதிய பதிப்பு வெளிவந்தது. 1.0.1எஃப் என்றிருந்தது 1.0.1ஜி ஆயிற்று. ஒரே ஓர் எழுத்து மாற்றம்! அதற்காகவா உலகம் அல்லோலகல்லோலப்பட்டது? ஆம் தோழர்களே, அதற்காகத்தான்!

வங்கியானாலும் கடையானாலும், இணையத்தில் நாம் அனுப்பும் சேதியைப் பிறர் படிக்காதபடி பூட்டி அனுப்பும் நூலகம் இது. இதன் மூலநிரல் திறந்தே கிடக்கும். யாரும் எடுக்கலாம், காசு கேட்பாரில்லை. கோடிகளில் புரளும் கம்பெனிகளும் எடுத்தன!

2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. “உயிரோடிருக்கிறாயா? இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்” என்று ஒரு கணினி மற்றொன்றைக் கேட்கும் ஏற்பாட்டில் புகுந்தது அது. சொல்லில் எத்தனை எழுத்து என்பதையும் கேட்பவனே சொல்வான். பதில் தரும் கணினியோ எண்ணிப் பார்ப்பதில்லை! ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதினாயிரம் என்று புளுகினால், மிச்சத்தைத் தன் நினைவகத்திலிருந்தே அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல்லும் வரும், பூட்டின் சாவியே கூட வரும்! படி நெல் போட்டவன் மூட்டை என்று சொல்ல, அளக்காமல் மூட்டையைத் தூக்கிக் கொடுத்த கதை! ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர் பெற்ற இந்த ஓட்டையால் கனடா நாட்டு வரித்துறையில் மட்டும் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின.

ஈராண்டுக் காலம் இது வெளிப்படவில்லையே, ஏன்? திறந்த வீடுதான், யாரும் பார்க்கலாம். பார்க்க ஆள் வேண்டாமா? அந்த வேலைக்கென்றே முழுநேரமும் உழைத்தவர் ஒரே ஒருவர்! ஆண்டுக்கு வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர்!

வீடு பற்றியெரிந்த பிறகே பணப்பை திறந்தது. அதே ஏப்ரலில், லினக்ஸ் அறக்கட்டளை தொடங்கிய நிதிக்கு, பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,00,000 டாலராவது மூன்றாண்டுகள் தருவதாக வாக்களித்தன. நல்லது, வரவேற்போம்! ஆனால் அதைக் கொடை என்று சொல்லாதீர்கள். கொடுக்காமல் வைத்திருந்த கூலிப் பாக்கி அது!

பதிப்பு வெளிவந்ததோடு வேலை முடிந்ததா? அதுவுமில்லை. ஒவ்வொரு சர்வரிலும் அதை ஏற்றவேண்டும். பழைய சாவியை ஒழித்துப் புதுச்சாவி செய்யவேண்டும். அத்தனைக்கும் வேண்டியது மனித உழைப்பு.

‘இலவசம்’ என்பது சரக்கின் விலை, தோழர்களே! சரக்கைச் செய்தவன் வயிற்றுக்கு அந்தச் சீட்டை ஒட்டாதீர்கள்!