சிவப்புக்கும் பால் உண்டா?

இரத்தினபுரியில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படிவை அரித்துத் தேடும் மாணிக்கக்கற்களுள் சிவந்ததை உலகச் சந்தை ரூபி என்று அழைக்கின்றது. சிவப்பைக் குறிக்கும் 'ருபெர்' என்னும் இலத்தீன் பெயரடையே அப்பெயரின் வேர். இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மூல மொழியின் கிளைகளாதலால், 'ருதிர' என்னும் வடசொல் ருபெருக்கு உடன்பிறப்பு. அதுவே தமிழில் உதிரமாயிற்று. கேகாலைத் தோட்டங்களில் பால் வெட்டும் இறப்பர் மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஓசை ஒத்திருப்பினும், பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க உதவியமையால், தேய்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சப்பிரகமுவவில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பதற்கான வாய்ப்பே குறைவு. அவ்வாய்ப்பைப் பெறும் தோட்டத்து மாணவரும் தாவரப் பெயர்களைப் பொருளறியாமல் மனனம் செய்கின்றனர். லின்னேயசு 1753இல் சந்தனத்துக்குச் 'சந்தாலும் ஆல்பும்' என்றும், முசுக்கொட்டைக்கு 'மோருஸ் ஆல்பா' என்றும் பெயரிட்டார். இரண்டிலும் வெண்மை ஒன்றுதான். அவ்வாறிருக்க ஈறு மாறுவானேன்?

இலத்தீனில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண், பொது என ஒரு பால் உண்டு. பெயரடை அதனோடு இயைய வேண்டும். ஆண்பாலில் ருபெர், பெண்பாலில் ருப்ரா, பொதுப்பாலில் ருப்ரும். நிம்பேயா பெண்பாற் சொல்லாதலால் செவ்வல்லி 'நிம்பேயா ருப்ரா' ஆயிற்று. மோருஸ் ஆண்பால்போலத் தோன்றினும் மரப்பெயர் என்பதால் பெண்பால். மாணவர் வழுக்கி விழும் இடம் இதுவே.

அரபு கற்றோருக்கு இது புதிதன்று. சிவப்பு அம்மொழியில் ஆண்பாலில் அஹ்மர், பெண்பாலில் ஹம்ரா. ஸ்பெயினின் கிரனடா நகரிலுள்ள அல்ஹம்ரா அரண்மனையின் பெயரில் நிற்பது இப்பெண்பால் வடிவமே.

தமிழ் வேறு வழி செல்கின்றது. சிவந்த சிறுவன், சிவந்த சிறுமி, சிவந்த கல்: அடை அசைவதில்லை. ஆயினும் செம்மை என்னும் பண்புச்சொல் புணரும்போது செங்கல், செந்தாமரை, செம்மண், செவ்வானம் என உருமாறுகின்றது. இலத்தீன் அடை பாலைப் பார்க்கின்றது. நமது அடையோ வருமொழியின் முதலெழுத்தைப் பார்க்கின்றது. இதனை நன்னூல் வழி அறிந்த மாணவருக்கு இலத்தீன் ஈறுகள் அச்சமூட்டா.

இன்னொன்றையும் அம்மாணவருக்குச் சொல்ல வேண்டும். ரூபியும் நீலக்கல்லும் ஒரே கனிமம். குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பு, இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். அக்கனிமத்தை உலக விஞ்ஞானம் 'கொரண்டம்' என்கின்றது. குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்ற பெயர் அது என ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன.