மூன்று தேறினால் போதுமா?

தங்கை கணவருக்கு ஒரே எரிச்சல். மகள் பூத்ரா பல்கலைக்கழகத்தில் பயிர் நோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாள். அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடம் கூப்பிடுகிறது. இதற்குள் கோலாலம்பூரில் ஓர் ஏஜென்ட், "ஓ-1 விசா இருக்கு, பத்தாயிரம் வெள்ளி எடுத்து வைங்க, நானே முடிச்சுத் தரேன்" என்றிருக்கிறான். லெம்பா பெர்த்தாம் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.

"அசாதாரணத் திறமை உள்ளவங்களுக்கான விசாவாம், மச்சான். யாரு அசாதாரணம்னு எவன் முடிவு பண்றது?"

சரியான கேள்வி. ஏஜென்ட் இதற்குப் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த விசா அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது. அறிவியல், கல்வி, வணிகம், விளையாட்டு ஒரு பிரிவு. கலை, சினிமா இன்னொரு பிரிவு. அறிவியல்காரர் என்றால், தன் துறையின் உச்சிக்குப் போன சிலரில் ஒருவர் என்று காட்ட வேண்டும். கலைஞருக்கு அளவுகோல் கொஞ்சம் இளக்கம். துறையில் தனித்துத் தெரிபவராக இருந்தால் போதும். எச்-1பி வேலை விசாவைப் போல ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பு இதற்கு இல்லை, குலுக்கலும் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கலிலிருந்து விலக்கு உண்டுதான். ஆனால் 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அதிபரின் ஆணை வந்தது. அதற்குப் பிறகுதான் எல்லார் வாயிலும் ஓ-1.

நோபல் போன்ற பெரும் பரிசு கையில் இருந்தால் பேச்சே இல்லை. இல்லாதவருக்கு எட்டு வாசல் வைத்திருக்கிறார்கள், மூன்றிலாவது நுழைய வேண்டும். துறையில் பெயருள்ள பரிசு. சாதித்தவர்களை மட்டுமே சேர்க்கும் சங்கத்தில் உறுப்பினர் பதவி. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய செய்தி. பிறர் வேலையை மதிப்பிட நம்மை அழைத்தது. துறையையே நகர்த்திய சொந்தப் பங்களிப்பு. ஆய்வுக் கட்டுரைகள். பேர்போன நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு. உயர்ந்த சம்பளம்.

"நம்ம பிள்ளைக்கு எது இருக்கு?"

கட்டுரைகள் இருக்கின்றன, அது ஒரு வாசல். ஆய்விதழ்கள் அவளிடம் பிறர் கட்டுரைகளை அனுப்பிக் கருத்துக் கேட்கின்றன. அது மதிப்பிடும் வேலை, அவளுக்கு இரண்டாவது வாசல். மூன்றாவதுதான் சிக்கல். தக்காளியில் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அவள் ஒரு வழிமுறை சொன்னாள் அல்லவா? அதை வேறு ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்களா, மேற்கோள் காட்டினார்களா என்று பார்க்க வேண்டும். புதிதாகக் கண்டுபிடித்தது மட்டும் போதாது, அது பிறர் வேலையை மாற்றியிருக்க வேண்டும்.

"அப்ப மூணு தேறிட்டா முடிஞ்சிதா?"

இல்லை. நிறுவைக் கொட்டகையில் தேயிலைக் கூடை எடை தேறிவிடும். ஆலைக்குள் போனதும் முற்றல் இலை என்று கழிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. மூன்று வாசல் தாண்டியபின், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இந்த ஆள் உண்மையிலேயே அந்த உயரத்தில் இருப்பவரா என்று அதிகாரி மறுபடியும் பார்ப்பார். பலர் விழுவது அந்த இரண்டாம் பார்வையில்.

பரிந்துரைக் கடிதம் பற்றி மாப்பிள்ளைக்குப் பெரிய நம்பிக்கை. நான்கு பேராசிரியர்களிடம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். எட்டில் கடிதம் ஒரு வாசல் இல்லை. மற்றச் சான்றுகளுக்கு அது விளக்கவுரை மட்டுமே. அவளோடு வேலை செய்யாத, அவள் எழுத்தை மட்டும் படித்த ஒருவர், "இதனால் என் ஆய்வு இப்படி மாறியது" என்று எழுதினால் அதற்கு எடை அதிகம். ஒரே ஆள் எழுதிக்கொடுத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்ட கடிதங்களை அதிகாரிகள் படித்த மாத்திரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஆகவே காகிதம். தோட்டத்து ஆட்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியாமலா? 1968-இல் நம் நாட்டில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஆனது. பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அந்நியராகி, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு காலத்தை ஓட்டியவர்கள் எத்தனை பேர் நம் லயங்களில்! அப்படியிருந்தும் நம் பிள்ளைகளின் நற்சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அலமாரி மேலே எறிகிறோம். பேப்பரில் படம் வந்தால் வெட்டி ஒட்டுகிறோம். தேதியையும் பத்திரிகைப் பெயரையும் வெட்டி எறிந்துவிடுகிறோம். விசாவுக்கு அந்த இரண்டும் வேண்டும். 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனில் வந்த துண்டுகூடச் செல்லும். தமிழோ மலாயோ, முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், செய்தவர் இரு மொழியும் அறிந்தவர் என்ற அவரது உறுதிமொழியும் கூடவே இருக்க வேண்டும்.

இப்போது ஏஜென்ட் கதைக்கு வருவோம். ஓ-1-க்கு அவள் தானாக விண்ணப்பிக்கவே முடியாது. அமெரிக்காவில் உள்ள முதலாளியோ, அங்கே உள்ள முகவரோதான் ஐ-129 என்ற மனுவைப் போட வேண்டும். வேலை ஒப்பந்தமும், துறையைச் சேர்ந்த அமைப்பு தரும் கருத்துக் கடிதமும் அதோடு போகும். வேலை தொடங்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகப் போட முடியாது. கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். அந்தப் பதில் "இன்னும் சான்று கொடு" என்றும் இருக்கலாம். மனு ஏற்கப்பட்ட பிறகுதான் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். இதில் கோலாலம்பூர் ஆசாமி முடித்துத் தருவதற்கு என்ன இருக்கிறது? பத்தாயிரம் வெள்ளியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தின் விசா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். வழக்கறிஞர் வேண்டுமானால் அவர்களே சொல்வார்கள்.

வேறு கதவுகளும் உண்டு. பிரிட்டனின் குளோபல் டேலண்ட் விசா 2020-இல் வந்தது. அதற்கு முதலாளி வேண்டாம், வளர்ந்து வரும் இளம் ஆய்வாளருக்கும் அதில் இடம் உண்டு. சிங்கப்பூரின் ஒன் பாஸ் 2023-இல் வந்தது, பெரும்பாலும் மாதம் 30,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பாதிப்பவர்களுக்கு. அது இப்போதைக்கு நமக்கு எட்டாது.

ஓ-1-ஐ முதல் தடவை மூன்று ஆண்டு வரை தருவார்கள், பிறகு ஓராண்டு ஓராண்டாக நீட்டலாம். கல்யாணம் ஆனால் கணவன் ஓ-3 விசாவில் கூடப் போகலாம், படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. மாப்பிள்ளை இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். வரப்போகும் மருமகனுக்காக இப்போதே கவலை.

"போன இடத்துல வேலைய விட்டுத் தூக்கிட்டான்னா? திரும்பி வர டிக்கெட் யாரு கணக்கு?"

ஒப்பந்தக் காலம் முடியுமுன் அவர்களாக நீக்கினால், ஊர் திரும்பும் நியாயமான செலவை முதலாளியும் மனு போட்டவரும் ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவளாக விட்டுவிட்டு வந்தால் டிக்கெட் அப்பா கணக்கு.