அறுவைக்குப் பின் எரியும் கை

சென்ற விடுமுறையிற் சேலம் அம்மாபேட்டையில், தறி நெய்யும் முதியவர் ஒருவரைக் கண்டோம். கையில் அறுவை மருத்துவம் முடிந்து தழும்பும் ஆறிற்று. எனினும் துணி உராய்ந்தாலே கை தீப்போல் எரிகின்றதாம். தறி நின்றால் அடுப்பும் நிற்கும் வீடு அது. சுற்றத்தாரோ பாசாங்கு என்றனர்.

பாசாங்கன்று. 1864ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் வெயர் மிச்செல் முதலியோர், போரில் நரம்பு புண்பட்ட வீரரிடம் இவ்வெரிவைக் கண்டு எழுதியுள்ளனர். அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே வளரும். வளருங்கால் அது பொய்ச் செய்தி விடுக்க, தண்டுவடமும் மூளையும் அதனைப் பெருக்கிக் காட்டுகின்றன. ஆதலின் வழக்கமான நோவு மாத்திரைகள் பெரிதும் உதவா. அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் அளவறிந்து தருவர்.

கையைப் பொதிந்து வைத்தலே நம்மவர் செய்யும் பிழை. விரல் மடங்கா, எரிவும் மிகும். முதலிற் பஞ்சு, பின்னர்ப் பருத்தித் துணி, பின்னர்ச் சணல் என நாள்தோறும் சிறுபொழுது தோலைத் தேய்த்துப் பழக்குதல் வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோர்க்காக 1990களில் வகுத்த கண்ணாடி முறையும் சிலர்க்குப் பயன்படுகின்றது: கண்ணாடியில் நலமுள்ள கையின் சாயலைக் காணும் மூளை, நோயுற்ற கையே நோவின்றி அசைவதாகக் கொள்ளும். நோவு முற்றும் நீங்குமென எவர்க்கும் உறுதி கூறல் இயலாது.

அம்முதியவர் இப்பொழுது காலையும் மாலையும், மனைவியார் முறத்தில் இடும் அரிசியினுள் கையை விட்டு அளைந்து வருகின்றார்.