ரூமைக் காலி செய்த ஞாயிறு!

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று வருஷம் குப்பை கொட்டினேன். ரூம், மெஸ், ஆபீஸ்... தீர்ந்தது உலகம்! ரூமைக் காலி செய்த ஞாயிறன்றுதான் பேட்டையைப் பொடிநடையாகச் சுற்றினேன்.

பார்த்தசாரதி கோயில் தாண்டி, 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. 1912-ல் துறைமுக குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டாரே கணித மேதை ராமானுஜன், அதில் அவர் எழுதிய விலாசம் திருவல்லிக்கேணி! நான் போட்ட மனுக்களிலும் அதே பேட்டைதான். (கணக்குதான் வரலை!)

கடைசியாக, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. 1921-ல் பாரதி கண்ணை மூடிய வீடு, இன்று நினைவு இல்லம். என் ரூமிலிருந்து ஐந்தே நிமிஷ நடை. 'அடுத்த வாரம் போகலாம்' என்றே மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். வாசலில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

உங்க ரூம் பக்கத்துல என்ன இருக்கு பிரதர்? காலி பண்றதுக்குள்ள பார்த்துடுங்க!